பாப்பாமோட்டையில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு எத்தனை பேர்?

தரம் 10இல் படிக்கும் என் மருமகள் போன மாதம் புவியியல் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, எங்கட ஊரின்ர குடித்தொகை அடர்த்தி என்ன?" சொந்த ஊருக்குக் கணக்குப் பார்த்து வரும்படி ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

சின்னக் கணக்குத்தான். ஓரிடத்தில் வாழும் ஆட்களின் எண்ணிக்கையை அந்த இடத்தின் பரப்பளவால் வகுத்தால் வருவது அடர்த்தி. ஊருக்கான விபரம் கையில் இல்லாததால் முதலில் மாவட்டத்துக்குப் பார்த்தோம். 2012 தொகைமதிப்பில் மன்னார் மாவட்டத்தில் 99,570 பேர். நிலப்பரப்பு 1,880 சதுர கிலோமீற்றர். வகுத்தால் 53. அதே ஆண்டில் இலங்கை முழுவதற்கும் 325. கொழும்பு மாவட்டத்தில் 3,438.

அவள் கொப்பியில் எழுதிவிட்டுக் கைபேசியில் தேடினாள். வேறொரு பக்கத்தில் மன்னாரின் பரப்பளவு 1,996 என்று இருந்தது. அதால் வகுத்தால் 50தான் வருகிறது. எது சரி? இரண்டும் சரிதான். இடையில் உள்ள 116 சதுர கிலோமீற்றர் உள்நாட்டு நீர்நிலைகள். கட்டுக்கரைக் குளம் போன்றவற்றைக் கழித்துவிட்டு வகுப்பதா, சேர்த்து வகுப்பதா என்பதில் மூன்று பேர் வித்தியாசம். அடர்த்தி என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்தப் பரப்பால் வகுத்தீர்கள் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

53 என்பதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். ஒரு சதுர கிலோமீற்றரை 53 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலரை ஏக்கருக்கும் சற்றுக் கூட வரும். "எங்கட வீட்டில அஞ்சு பேர். அப்ப எங்கட இருபத்திமூண்டு ஏக்கர் எங்க?" என்று சிரித்தாள். எங்களிடம் இருப்பது ஒரு வளவும் கொஞ்ச வயலும். மிச்சம் மடுப் பக்கத்துக் காட்டில் இருக்கிறது, உவர் நிலத்தில் இருக்கிறது, அரசு ஒதுக்கிவைத்த காணிகளில் இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்திலேயே விடத்தல்தீவில் 2016இல் இயற்கை ஒதுக்கம் அறிவிக்கப்பட்டது.

சராசரி இப்படித்தான் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். மன்னார்த் தீவை உள்ளடக்கிய மன்னார் நகரப் பிரதேச செயலாளர் பிரிவு மாவட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் மாவட்டத்து மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அங்கே. அதனால் அங்கு அடர்த்தி 250ஐ அண்டி வரும். மாந்தை மேற்கு, மடு, முசலி, நானாட்டான் நான்கையும் சேர்த்துப் பார்த்தால் 30க்குக் கீழே இறங்கிவிடும். பாப்பாமோட்டை மாந்தை மேற்கில் இருக்கிறது. ஆகவே 53 பேர் என்பது தீவுக்கும் பொருந்தாது, எங்களுக்கும் பொருந்தாது.

இதுவரைக்கும் பாடசாலைக் கணக்கு. 1981ஆம் ஆண்டு எண்ணை எடுத்ததும் கதை மாறியது. அந்தத் தொகைமதிப்பில் மன்னார் மாவட்டத்தில் 106,235 பேர். அடர்த்தி 57. முப்பத்தொரு ஆண்டுகளில் நாட்டின் சனத்தொகை 1 கோடியே 48 இலட்சத்திலிருந்து 2 கோடியே 3 இலட்சமாகப் பெருகியிருக்கிறது. மன்னார் சுருங்கியிருக்கிறது. ஏனென்று அவள் கேட்டாள். 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னாரைச் சேர்ந்தவர்கள் பலர் 2012இலும் புத்தளத்தில்தான் இருந்தார்கள். படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் இந்த நாட்டுக் கணக்கிலேயே இல்லை. இடையில் 2001இல் நடந்த தொகைமதிப்பை எங்கள் மாவட்டத்தில் முழுமையாக நடத்தவே முடியவில்லை.

அதைவிட எனக்கு உறைத்தது இன்னொரு கணக்கு. 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் இந்தக் கரையோரத்தால் வடக்கே நகர்ந்தபோது பாப்பாமோட்டையின் அடர்த்தி பூச்சியம். வீடுகள், கிணறுகள், கோயில்கள் எல்லாம் அப்படியே இருக்க, ஆட்கள் இல்லை. அடுத்த ஆண்டு செட்டிகுளத்து மனிக்பாம் முகாமில் உச்சக்கட்டமாக 225,000 பேர் இருந்தார்கள். முகாமின் பரப்பு சுமார் 700 ஹெக்டேயர், அதாவது 7 சதுர கிலோமீற்றர். வகுத்தால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 32,000க்கும் மேல். கொழும்பு மாவட்டத்தைப் போல ஒன்பது மடங்கு. ஆளுக்கு 31 சதுர மீற்றர், அதற்குள்ளேயே கூடாரமும் கழிப்பறையும் தண்ணீர் வரிசையும் வீதியும். ஊரில் பூச்சியமாக இருந்த அதே ஆட்கள்தான் அங்கே 32,000க்குள் நின்றோம். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. அதே ஆண்டுத் தொகைமதிப்பைத்தான் நாங்கள் இன்றும் 'சாதாரண' எண்ணாக எடுத்துக் கையாளுகிறோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் காலையில் ஒரு பஸ் கூடுதலாக விடும்படி கேட்டு நாங்கள் நாலைந்து பேர் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "உங்கட பக்கம் ஆக்கள் குறைவுதானே" என்றார் அங்கிருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஆட்கள் குறைவென்றால் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் தூரம் கூட என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. சனம் ஐதாக உள்ள இடத்துக்குத்தான் ஒரு தலைக்கான செலவு கூடும். இது புதிய யோசனையுமல்ல. சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1946இல் தேர்தல் தொகுதிகளைப் பிரித்தபோது 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்றும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நிலத்துக்கும் ஒரு கணக்கு அன்று இருந்தது.

2024 தொகைமதிப்பில் மன்னார் மாவட்டம் 1 இலட்சத்து 23 ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது. அடர்த்தி சுமார் 66. ஒருவழியாக 1981ஐக் கடந்துவிட்டோம்.

மருமகளின் வீட்டுவேலை இன்னும் முடியவில்லை. கிராம அலுவலரிடம் ஆட்தொகையும் பிரிவின் பரப்பும் கேட்டு வாங்கலாம் என்றேன். வழக்கமாக எங்கே வசிக்கிறார்களோ அங்கேதான் ஆட்களை எண்ணுவார்கள் என்றும் சொன்னேன். பென்சிலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.

"அப்ப மண்டபம் முகாமில இருக்கிற பெரியப்பாவை எங்க எண்ணுறது?"