ஒத்தக்கடைச் சமையல்கட்டு: வேளாண் பல்கலைக்கழகம் எப்படி இயங்குகிறது?

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், ஒத்தக்கடை யானைமலை கண்ணில் படும் தூரத்தில், 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1971-ல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்தபோது இதுவும் அதன் அங்கமானது. படிப்பு, ஆராய்ச்சி இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. பெயரில் இடம்பெறாத மூன்றாவது வேலை விரிவாக்கம். ஆராய்ந்து கண்டறிந்ததை வயலுக்குக் கொண்டுபோவதும், வயலின் குறையைத் திரும்பக் கொண்டுவருவதும் அதில் அடக்கம். இந்த மூன்றும் ஒன்றையொன்று எப்படி நம்பியிருக்கின்றன என்பது தெரிந்தால்தான் இந்த வளாகத்துக்கு அரசு ஏன் செலவழிக்கிறது என்பது விளங்கும்.

ஒரு பெரிய கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தவசிப்பிள்ளை புதுப் பக்குவம் ஒன்றைச் சின்னப் பானையில் வைத்து ருசி பார்க்கிறார். கையாட்கள் காய் நறுக்கியபடியே கைப்பக்குவம் கற்கிறார்கள். பரிமாறுகிறவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு ஓடுகிறார்கள். "மூணாவது வரிசையில் உப்பு போதலைன்னு சொல்றாங்க" என்று அடுப்படிக்கு வந்து சொல்பவர்களும் அவர்களே. சின்னப் பானை ஆராய்ச்சி, கையாட்கள் மாணவர்கள், வாளி விரிவாக்கம்.

இந்த ஏற்பாடு வளர்ந்தது அமெரிக்காவில். 1862 ஜூலையில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒரு மாநிலத்துக்கு எத்தனை காங்கிரஸ் உறுப்பினர்களோ, தலைக்கு 30,000 ஏக்கர் வீதம் அந்த மாநிலத்துக்கு நிலம் ஒதுக்கியது. நிலத்தை விற்ற பணத்தை முதலாக வைத்து, அதன் வருமானத்தில் வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்றுத்தரும் கல்லூரிகளை நடத்த வேண்டும். அந்த நிலங்களில் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலில் வந்தது படிப்பு மட்டும்தான். ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பணம் தந்தது 1887-ன் ஹாட்ச் சட்டம். விரிவாக்கத்துக்கு வழி செய்தது 1914-ன் ஸ்மித்-லீவர் சட்டம். சமையல்கட்டு முழுமையாக 52 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்தியாவில் இந்த முறையில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் 1960-ல் பந்த்நகரில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு வந்தது. தமிழ்நாட்டுக்கு அடுப்பு புதிதில்லை: 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி, பின்னர் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, நூறாண்டு கடந்த பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

இனி சின்னப் பானைக்கு வருவோம். மதுரைச் சமவெளியின் பந்தி ஒரே மாதிரியானது அல்ல. 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. 1959-ல் வைகை அணை வந்தது. வாய்க்கால் பாயும் இடத்தில் நெல். ஆனால் மேலூர்ப் பக்கக் கடைமடையில் தண்ணீர் வரும் நாளைப் பொறுத்துத்தான் நாற்றங்கால். அங்கே நீண்ட நாள் நெல் போட்டால் கதிர் வரும் நேரத்தில் வயல் காய்ந்துவிடும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் போனால் வானம் பார்த்த கரிசல்: பருத்தி, சோளம், குதிரைவாலி. ஒருவருக்குப் பிடித்த உப்பு இன்னொருவருக்கு ஆகாது.

அதனால்தான் ரகத்தை உள்ளூரிலேயே உருவாக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நெல்லை ஒட்டுச் சேர்க்கிறார்கள், அல்லது ஊரில் ஏற்கெனவே விளையும் பயிரிலிருந்து நல்ல கதிர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக விதைத்து, குணம் மாறாமல் நிற்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பழக்கத்தில் உள்ள ரகத்தின் பக்கத்திலேயே நட்டு ஒப்பிடுகிறார்கள். பிறகு வேறு வேறு ஊர்களின் ஆராய்ச்சி நிலையங்களில், அதன் பின் விவசாயிகளின் வயல்களில். எல்லாவற்றிலும் தேறினால் வெளியீட்டுக் குழு ஒப்புதல் தரும். இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது.

விதைப் பையில் எம்டியு என்றிருந்தால் மதுரை, ஏடிடி என்றால் ஆடுதுறை, பிகேஎம் என்றால் பெரியகுளம். எம்டியு 6 நெல்லும் எம்டியு 1 குதிரைவாலியும் ஒத்தக்கடையில் பிறந்தவை. பெரியகுளத்தின் பிகேஎம் 1 தக்காளி, தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து வந்தது. உழவர்கள் தலைமுறையாகக் காத்த விதைதான் ஆராய்ச்சியின் கச்சாப்பொருள் என்பதற்கு இது போதும்.

ரகம் வெளியானவுடன் பந்திக்குப் போய்விடாது. கையளவு விதையைப் பெருக்க வேண்டும். பல்கலைக்கழகம் தருவது வல்லுநர் விதை, மஞ்சள் அட்டை. அதிலிருந்து ஆதார விதை, வெள்ளை அட்டை. அதிலிருந்து சான்று விதை, நீல அட்டை. கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் நீலம்தான். நல்ல ரகம் ஒன்று ஊருக்கு வராமல் போனால், இந்தச் சங்கிலியில் எங்கோ அளவு குறைந்திருக்கும்.

கையாட்கள் சும்மா நிற்பதில்லை. இளநிலை வேளாண்மை மாணவர்கள் இறுதி ஆண்டில் கிராமங்களில் தங்கி, விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. படிப்பின் மிக நல்ல பகுதி அதுதான் என்பேன்.

ஆனால் வாளி நம்மிடம் வேறு கையில் இருக்கிறது. அமெரிக்காவில் மாவட்டந்தோறும் உள்ள விரிவாக்க ஊழியர் பல்கலைக்கழகத்தோடு பிணைந்தவர். இங்கே ஊர் ஊராகப் போகும் அலுவலர் மாநில வேளாண்மைத் துறையைச் சேர்ந்தவர். பல்கலைக்கழகத்தின் கையில் நேரடியாக இருப்பது வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், இதே கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. மதுரைக்கும் ஒன்று இருக்கிறது. மாவட்டம் முழுவதற்கும் அது ஒன்றே என்றால், பந்தியின் குரல் அடுப்படியை எட்டுவது கடினம். குதிரைவாலியைப் பாருங்கள்: அதிகம் விளைந்தால் மட்டும் போதாது, அந்தச் சிறு மணியின் உமியை நீக்குவதுதான் பெரும்பாடு. விவசாயி வந்து சொன்னால்தான் ஆராய்ச்சி அந்தப் பக்கம் திரும்பும்.

எனவே கேட்க வேண்டியது நாம். மண் பரிசோதனைக்கு வயலில் பல இடங்களில் உழவு ஆழத்துக்கு, சுமார் 15 செ.மீ., ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரை கிலோ எடுங்கள். வரப்போரமும் எருக்குழிப் பக்கமும் வேண்டாம். நோய் கண்ட செடியானால் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காகிதத்தில் சுற்றுங்கள். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஒத்தக்கடைக்கோ போய், உங்கள் வயலில் போன போகம் எது சரியாக வரவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் வரிப்பணத்தில் எரியும் அடுப்பு அது.