மரபணுவும் மூளைப்படமும்

தாய்க்குக் கடும் மனச்சோர்வு இருந்தால் பிள்ளைக்கும் அது வருமா? இந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்கத் தயங்கி, மனத்திற்குள்ளேயே சுமந்து திரிவோர் உண்டு. கடும் மனச்சோர்வு என்பது, தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காக ஓரிரு நாள் வாடியிருப்பதைப் போன்றதன்று. குறைந்தது இரண்டு வாரங்களாவது தொடர்ந்து நீடித்து, உறக்கம், பசி, ஆர்வம் ஆகியவற்றைக் குலைத்துவிடும் நோய் அது.

இந்நோயில் மரபுக்கும் பங்குண்டு என்பதை இரட்டையரிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டின. அப்படியானால், காரணமான மரபணு எது? ஆய்வாளர் பலரின் பார்வை ஒரு மரபணுவின்மீது விழுந்தது. நரம்பணுக்கள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் வேதிப்பொருள்களுள் ஒன்று செரோட்டோனின். அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் புரதத்தை உருவாக்கும் அம்மரபணு, மனிதரிடம் குறுவடிவம், நெடுவடிவம் என இரு வகையாகக் காணப்படுகிறது.

2002ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் 28 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, அச்சமும் சினமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டினர். அச்சத்தை உணர்வதில் பங்காற்றும் மூளைப்பகுதி அமிக்டலா. குறுவடிவ மரபணு உடையோரிடம் அது கூடுதலாகச் செயல்பட்டது. மறு ஆண்டே நியூசிலாந்தின் டனீடன் நகரிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. அங்குச் சிறு வயது முதல் கவனிக்கப்பட்டு வந்த 847 பேரில், வாழ்க்கையில் பல துன்பங்களைச் சந்தித்தவர்களுள் குறுவடிவம் உடையோரே அதிகமாக மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். மரபணு, மூளை, துன்பம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியில் கோத்ததுபோல் பொருந்தின.

ஆனால், 28 பேர் என்பது ஒரு வகுப்பறை மாணவரின் எண்ணிக்கைதான். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழக்கூடும். அதை வைத்து நாணயத்தில் குறை இருப்பதாகக் கூற முடியுமா? ஆயிரம் முறை சுண்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இம்மரபணு உட்படப் பெரிதும் பேசப்பட்ட 18 மரபணுக்களை இலட்சக்கணக்கானோரின் தரவுகளைக் கொண்டு சோதித்தது. ஏதோ சில மரபணுக்களை எடுத்து ஆராய்ந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. அதே ஆண்டில், எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த வேறொரு குழு, மனச்சோர்வோடு தொடர்புடைய 102 மரபணு வேறுபாடுகளைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிக மிகச் சிறியது.

மூளைப்படங்களின் நிலையும் இதுவே. பல நாடுகளின் படங்களைத் திரட்டிப் பார்த்தபோது, நோயுற்றோரிடம் நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சராசரியாகச் சற்றே சிறுத்திருந்தது. எனினும், முதன்முறை நோயுற்றோரிடம் இவ்வேறுபாடு தென்படவில்லை. மீண்டும் மீண்டும் நோயுற்றோரிடமே தென்பட்டது. நோயால் அப்பகுதி சிறுத்ததா, சிறுத்ததால் நோய் வந்ததா என்பதை ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நலமாக இருப்போர் பலருக்கும் அது சிறிதாகவே இருக்கிறது.

பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று மடங்காகக் கூடுவது உண்மைதான். ஆயினும், அத்தகைய பிள்ளைகள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் அது வருவதே இல்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லும் இரத்தப் பரிசோதனையோ மூளைப்படமோ இன்னும் இல்லை. மருத்துவர் இன்றும் எதிரே அமர்ந்து, உறக்கம் எப்படி இருக்கிறது, எத்தனை நாள்களாக இப்படி இருக்கிறது என்று கேட்டே இந்நோயைக் கண்டறிகிறார்.