பிள்ளைகளை நிறுக்கும் தராசு



அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்கான எச்சரிக்கையுடன் தொடங்குகிறது 'அல் முதஃப்ஃபிஃபீன்' அத்தியாயம். மத்யன் வாசிகளுக்கு நபி ஷுஐப் (அலை) அவர்கள் செய்த உபதேசத்திலும் இது உண்டு. கடைத் தராசில் பேணுதல் காட்டும் நாம், பிள்ளைகளை நிறுக்கும் தராசின் முள் எதைக் காட்டுகிறது என்று கவனிக்கிறோமா?

நீட் முடிவு வெளியாகும் நாட்களில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார மஹல்லாக்களில், ஜும்ஆ முடிந்ததும் தகப்பனார் ஒருவர் தாளை நீட்டி, "பிள்ளை தகுதி பெற்றுவிட்டான், துஆச் செய்யுங்கள் ஹஜ்ரத்" என்பார். மகிழ்ச்சியே. ஆனால் அத்தாளில் மதிப்பெண், பெர்சன்டைல், தரவரிசை என மூன்று வெவ்வேறு அளவைகள் உள்ளன.

மதிப்பெண் எளிது. 180 வினாக்கள், சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழிவு, மொத்தம் 720. பெர்சன்டைலில்தான் பலரும் இடறுகின்றனர். அது சதவீதம் அன்று. தேர்வெழுதியோரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நூற்றுக்கு எத்தனை பேர் நம் பிள்ளைக்குச் சமமாகவோ கீழாகவோ நிற்கின்றனர் என்பதே அது. 2025இல் பொதுப்பிரிவினருக்கான தகுதி 50 பெர்சன்டைல்; அதற்குரிய மதிப்பெண் 144. அதாவது 720இல் 20 சதவீதமே!

அவ்வாண்டு தேர்வெழுதியோர் 22,09,318 பேர். தகுதி பெற்றோர் 12,36,531 பேர். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றேகால் லட்சத்தை ஒட்டியவை. 80 பெர்சன்டைல் பெற்ற பிள்ளைக்கு மேலேயே ஏறத்தாழ 4,40,000 பேர் நிற்கின்றனர். ஆகவே 'தகுதி' என்பது கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் அனுமதியே தவிர, இடம் அன்று. இதை அறியாத வீட்டுக்குத்தான் தரகர் வருகிறார். நகை வட்டிக்கடைக்குப் போகிறது. ஹராமான வட்டியும் சேர்ந்து, இடமும் கிடைக்காமல் நின்றால் அந்தத் தாயின் நிலை என்ன?

இடத்தைத் தீர்மானிப்பது தரவரிசை. நீட் தாளிலுள்ள பிரிவுத் தரவரிசை மத்திய அரசின் பிரிவுகளைச் சார்ந்தது. 2007 முதல் தமிழகத்தில் நமக்குள்ள 3.5 சதவீத உள்ஒதுக்கீடு அதில் தெரியாது. கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவத் தேர்வுக் குழுவுக்குத் தனியே விண்ணப்பித்த பின்னர், அக்குழு வெளியிடும் மாநிலப் பட்டியலில்தான் அது தெரியும். அதைக் காணுமுன் எவருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. "அக்கா எடுத்த மதிப்பெண்ணை நீ எடுக்கவில்லையே" என்று கடிந்துகொள்ளும் பெற்றோரும் உளர். 2024இல் திருத்திய முடிவின்படி 17 பேர் முழு 720 பெற்றனர். வினாத்தாள் கடினமாக இருந்த 2025இல் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686தான். அக்காவைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற தம்பி, தரவரிசையில் அவளைவிட முன்னே நிற்கக்கூடும். ஒப்பிட்டே தீர வேண்டுமெனில் இருவர் தரவரிசையையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.