பால் என்றேன், கால் என்று எழுதினான்

இரண்டாம் ஆண்டு வகுப்பில் சொல்வதெழுதல். பத்துச் சொற்கள். முதல் சொல் ‘பால்’. அவன் எழுதியிருந்தது ‘கால்’. ‘தட்டு’ என்றேன், ‘கட்டு’ என்றிருந்தது. ‘பூட்டு’, ‘கூட்டு’ ஆகியிருந்தது. பத்தில் ஏழு தவறு. அந்த நோட்டில் சிவப்பு மையால் நான் எழுதிய வாசகம் இன்னும் நினைவில் இருக்கிறது: “கவனமாகக் கேள்.”

தமிழ்ப்பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். கவனமில்லாத பிள்ளைகளை நிறையப் பார்த்தவள் என்ற நினைப்பு எனக்கு உண்டு. இந்தப் பையனையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். 2022ஆம் ஆண்டு அது. முகக்கவசம் இல்லாமல் வகுப்புக்குள் வர முடியாத காலம். உயரமான பையன் என்பதால் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன். கேள்வி கேட்டால் முதலில் பக்கத்து மாணவனைப் பார்ப்பான். மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் அவனும் திறப்பான். முதலாம் ஆண்டில் பாதி நாள் இயங்கலைப் பாடம். கைப்பேசியின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு படித்திருக்கிறான். அதனால் அப்போது யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அவனைக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்ப முடிவு செய்து, பழைய பயிற்சிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வெண்பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை. எழுத்துகள் முத்து முத்தாக இருந்தன. நான் வாயால் சொன்ன பக்கங்களில்தான் சிவப்பு மை.

மறுநாள் அவனைத் திடலுக்கு அழைத்துப் போனேன். சற்றுத் தள்ளி நின்று, முகக்கவசத்தைக் கீழே இறக்கி, அதே பத்துச் சொற்களைச் சொன்னேன். ஒன்பதைச் சரியாகத் திருப்பிச் சொன்னான். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, அதே குரலில் சொன்னேன். ஆறு தவறு.

ப, ம ஆகிய ஒலிகள் உதடுகள் ஒட்டினால்தான் பிறக்கும். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் நாம் படித்ததுதான். ‘பால்’ என்று சொல்லும் வாயைப் பார்த்தால் அது ‘கால்’ இல்லை என்று தெரிந்துவிடும். அந்தப் பையன் அத்தனை நாளும் காதால் கேட்டதைவிட, கண்ணால் கேட்டதுதான் அதிகம். முகக்கவசம் அந்தக் கண்ணையும் மூடிவிட்டது.

அவனுடைய பாட்டியிடம் பேசியபோது அவர் நம்பவே இல்லை. “அவனுக்கா டீச்சர் காது கேக்கல? ரொட்டிக்காரர் மோட்டார் ஹார்ன் கேட்டா முதல் ஆளா வாசல்ல நிப்பான். நாம கூப்பிட்டா மட்டும்தான் கேக்காது. எல்லாம் சேட்டை!” அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? நானும் சிவப்பு மையில் அதைத்தானே எழுதியிருந்தேன்.

ஹார்ன் சத்தம் கேட்கிறது என்பதால் பேச்சும் கேட்கிறது என்று சொல்ல முடியாது. காது கேளாமை விளக்கை அணைப்பதுபோல் ஒரேயடியாக வருவது குறைவு. பெரும்பாலும் மெல்லிய ஒலிகளே முதலில் போகும். பேச்சில் உயிரெழுத்துகள் ஓங்கி ஒலிப்பவை. க, ச, த, ப போன்ற மெய்கள் மெலிந்தவை. ஆகவே யாரோ பேசுகிறார் என்பது தெரியும். என்ன பேசுகிறார் என்பதுதான் தெரியாது.

காதுக்குள் தேங்கிய நீர்

அரசாங்க மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அவன் தாயாருடன் நானும் போயிருந்தேன். செவித்திறன் நிபுணர் அவனை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தார். காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். பிறகு செவிப்பறை எப்படி அசைகிறது என்று ஒரு சிறு கருவியால் சோதித்தார். வலி கிடையாது, ஊசி கிடையாது. முடிவு: இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிப் பசைபோல் ஆகியிருக்கிறது.

நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும். சிறுபிள்ளைகளுக்குக் குட்டையாகவும் கிட்டத்தட்ட படுக்கைவாட்டிலும் இருப்பதால் சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருப்பது இதற்கு ஒரு காரணம். வீட்டில் சிகரெட் புகையும் ஒரு காரணம். அதைக் கேட்டதும் தாயார் தலையைக் குனிந்துகொண்டார். காரில்கூடப் புகைப்பவர் பையனின் அப்பா. காதில் வலியோ சீழோ இல்லாமலே நீர் தேங்கும் என்பதால் பிள்ளை புகார் சொல்லாது. இரண்டு விரல்களாலும் காதை அடைத்துக்கொண்டு என் பாடத்தைக் கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான் அவன் இருந்த நிலை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் இது தானாகவே வடிந்துவிடும். இவனுக்கு வடியவில்லை. செவிப்பறையில் சிறு துளையிட்டு, அரிசியைவிடச் சிறிய குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். அது சில மாதங்களில் தானே விழுந்துவிடுமாம். வகுப்புக்குத் திரும்பிய அன்று அவன் நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்ன என்று கேட்டேன். “டீச்சர், காத்தாடி சத்தம் போடுது” என்றான். அந்தக் காத்தாடி ஆண்டு முழுவதும் கிறீச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது.

தொட்டிலிலேயே தெரிந்துகொள்ள

அவனுக்கு வந்தது சரிசெய்யக்கூடிய வகை. எல்லாம் அப்படி இல்லை. உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட உறுப்புக்குள் ஏறக்குறைய 15 ஆயிரம் நுண்மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியை நரம்பின் மொழிக்கு மாற்றுபவை அவைதாம். மனிதரிடம் அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மரபணு, கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா, குறைப்பிரசவம், பிறந்த குழந்தைக்குக் கட்டுமீறும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி எனக் காரணங்கள் பல. ஜென்டாமைசின் போன்ற சில உயிர்காக்கும் மருந்துகளும் சில புற்றுநோய் மருந்துகளும் உட்காதைத் தாக்கக்கூடும். அம்மருந்துகளைப் பெறும் நோயாளி காதில் இரைச்சல் கேட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

நம்மவர்களிடம் கொஞ்சம் தயக்கத்தோடுதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் பிறவிக் காது கேளாமைக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும் இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். ‘எங்கள் வழியில் யாருக்கும் இல்லை’ என்பது ஆறுதலே தவிர, சோதனை ஆகாது.

சட்டியைத் தட்டிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. கேளாத குழந்தைகூட அதிர்வையும் நிழலையும் உணர்ந்து திரும்பும். முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே மழலைச் சத்தமும் எழுப்பும். வீட்டார் ஏமாந்துபோவது இங்கேதான்.

நலமான உட்காது, ஒலி கேட்டதும் தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி எழுப்பும். இதை 1978இல் டேவிட் கெம்ப் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் கண்டறிந்தார். அதன் அடிப்படையில்தான் இன்று தூங்கும் பச்சிளங்குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் சோதித்துவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குதல் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் கால அளவு. ஆறு மாதத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட பிள்ளைகள் தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னே இருந்தார்கள். உங்கள் குழந்தைக்குப் பிறந்ததும் செவிச்சோதனை நடந்ததா என்று தெரியவில்லையா? பிறந்த மருத்துவமனையிலோ அரசாங்கக் கிளினிக்கிலோ கேளுங்கள். நடக்கவில்லை என்றால் எந்த வயதிலும் செய்துகொள்ளலாம். முதல் சோதனையில் தேறினாலும் பிறகு குறை வரலாம். ஒரு வயதாகியும் பெயரைச் சொன்னால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை என்றால் ‘ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் பேசும்’ என்று காத்திருக்க வேண்டாம்.

உலகில் ஏறத்தாழ 34 மில்லியன் பிள்ளைகளுக்கு உதவி தேவைப்படும் அளவுக்குக் கேட்டல் குறை இருப்பதாகவும், பிள்ளைப்பருவக் காது கேளாமையில் 60 விழுக்காட்டைத் தவிர்த்திருக்கலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தடுப்பூசியும் சளிக்கு நேரத்தில் வைத்தியமும் அதில் பெரும்பங்கு. காதில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதையும் கோழி இறகால் குடைவதையும் விட்டாலே செவிப்பறைகள் பல தப்பிக்கும்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாது. உறுமி மேளக் குழுவில் இருக்கும் என் பழைய மாணவர்கள் இருவர் இப்போது காதடைப்பான் போட்டுத்தான் வாசிக்கிறார்கள். தாளம் தப்பவில்லை என்கிறார்கள். காது கேட்பவர்கள்தானே சொல்கிறார்கள், நம்பலாம்.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த முதல் மாதத்தில் நான் இப்போது சொல்வதெழுதலை இரண்டு தடவை வைக்கிறேன். ஒருமுறை வகுப்புக்கு முன்னால் நின்று, ஒருமுறை வகுப்புக்குப் பின்னால் நின்று. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருத்துவேன். இவ்வாண்டு இரண்டு பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் தாயார் கிளினிக்கில் நாள் வாங்கிவிட்டார். இன்னொருவரை வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.