கல்விக்கூடமும் தொழிற்கூடமும் கைகோக்கும்போது

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் மும்பை தாராவியிலும், பெங்களூர் அல்சூரிலும், தில்லி இராமகிருஷ்ணபுரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் எழுகிற கேள்வி ஒன்றே: "பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது?" சொந்த ஊரிலுள்ள நிலத்தையோ வீட்டிலுள்ள நகையையோ அடகு வைத்தாவது பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிட்டால் பெற்றோரின் கடமை முடிந்தது என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் பட்டம் பெற்று வந்த வாலிபரை, "வேலைக்கு வேண்டிய திறமை இல்லை" என்று நிறுவனங்கள் திருப்பி அனுப்புவதையும், பிறகு தனியார் பயிற்சி நிலையத்தில் மறுபடியும் பணம் கட்டுவதையும் அநேகக் குடும்பங்கள் அனுபவத்தில் கண்டிருக்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்பவே, திறன் பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்து பட்டதாரிகளை உருவாக்கும் முறை இன்று நம் தேசமெங்கும் பரவி வருகிறது. கல்லூரி விளம்பரங்களில் பெரிய நிறுவனங்களின் சின்னங்கள் வரிசையாக இடம்பெறுகின்றன. அவற்றைக் கண்டு மகிழும் முன்பாகப் பெற்றோராகிய நாம் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். எல்லாக் கூட்டும் ஒரே தன்மையுடையதன்று. நிறுவனம் தன் பெயரை மட்டும் தருகிறதா, அல்லது நம் பிள்ளைக்காகத் தன் பணத்தையும் நேரத்தையும் ஆட்களையும் தருகிறதா என்பதே உண்மையான கூட்டை அடையாளம் காட்டும் அளவுகோல்.

ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்த முறை

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, ஜெர்மனி தேசத்தின் தென்மேற்கிலுள்ள பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தைப் பார்ப்பது நலம். 1972-ஆம் ஆண்டில் டெய்ம்லர்-பென்ஸ், பாஷ் முதலிய நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய பட்டதாரிகளைத் தாங்களும் சேர்ந்தே பயிற்றுவிக்க முன்வந்தன. 'ஸ்டுட்கார்ட் மாதிரி' என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாட்டின் அடிப்படையில், 1974-இல் ஸ்டுட்கார்ட்டிலும் மான்ஹைமிலும் தொழிற்கல்விக் கழகங்கள் தொடங்கப்பட்டன. அவற்றின் வழிவந்த நிறுவனங்களெல்லாம் 2009-இல் ஒரே அரசுப் பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டன. இன்று அதில் ஏறக்குறைய 34,000 மாணவர்கள் பயில்கின்றனர். ஏறத்தாழ 9,000 நிறுவனங்கள் அதன் பங்காளிகளாக உள்ளன.

அங்கே மாணவர் சேர்க்கை நடைபெறும் விதமே வேறு. மாணவர் முதலாவது ஒரு நிறுவனத்திற்கு விண்ணப்பித்து, அதனுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அதன்பின்னரே பல்கலைக்கழகத்தில் இடம். மூன்றாண்டுப் படிப்பில் சுமார் மூன்று மாதம் வகுப்பறை, மூன்று மாதம் தொழிற்கூடம் என்று மாறி மாறிக் காலம் செல்லும். வகுப்பறையில் இருக்கும் மாதங்களுக்கும் சேர்த்து, மூன்றாண்டு முழுவதும் நிறுவனமே மாதச் சம்பளம் அளிக்கிறது. பங்காளி நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் உறுப்பினர்களாகவே கருதப்படுகின்றன. நிறுவனங்களில் பணிபுரிகிறவர்கள் வகுப்புகளிலும் பாடம் நடத்துகின்றனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மூன்றாண்டுச் சம்பளத்தைச் செலவிட்ட நிறுவனம், அந்த மாணவருக்கு ஒழுங்காகக் கற்பிக்கவில்லையென்றால் நஷ்டம் தனக்கே என்பதை அறியும். ஆகவே படிப்பு முடிந்ததும் அவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பும். விளம்பர வாக்குறுதியைவிட, செலவிட்ட பணமே மாணவருக்கு நல்ல பாதுகாப்பு.

நம் தேசத்தில் நடந்தவை

வேலை செய்துகொண்டே கற்பது நம் நாட்டிற்கும் புதிதன்று. தொழிற்பழகுநர் சட்டம் 1961-இலேயே இயற்றப்பட்டது. ஐ.டி.ஐ. முடித்து ரயில்வே பணிமனைகளிலும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளிலும் 'அப்ரண்டிஸ்' ஆகச் சேர்ந்து வாழ்வில் உயர்ந்தவர்கள் நம் மத்தியிலும் உண்டு. ஆனால் அந்தப் பயிற்சி பட்டப்படிப்போடு இணையாமலே நெடுங்காலம் தனித்து நின்றது.

இணைப்பை முன்னோடியாகச் செய்தவற்றில் ஒன்று இராஜஸ்தானிலுள்ள பிலானி பிட்ஸ் கல்வி நிறுவனம். வேலையில் இருப்பவர்கள் வேலையை விடாமலே பட்டம் பெறும் திட்டத்தை அது 1979-இல் தொடங்கியது. அதனுடன் சேர்ந்து விப்ரோ நிறுவனம், பி.எஸ்சி. போன்ற பட்டம் பெற்றவர்களை வேலைக்கு எடுத்து, பணிக்காலத்திலேயே மென்பொருள் துறையில் முதுநிலைப் பட்டம் பெறச் செய்யும் திட்டத்தை 1995-இல் ஏற்படுத்தியது. பொறியியல் கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாத எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கணினித் துறையின் கதவு இப்படித் திறந்தது.

2017-இல் எச்.சி.எல். நிறுவனம் 'டெக்பீ' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த ஷிவ் நாடார் நிறுவிய நிறுவனம் இது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் பயின்ற மாணவர்களைத் தேர்வின் மூலம் எடுத்து, பயிற்சியளித்து, வேலையில் அமர்த்தி, பிறகு பிட்ஸ் பிலானி, தஞ்சை சாஸ்த்ரா போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பயிலவும் வழி செய்கிறது. சென்னை, மதுரை மட்டுமன்றி நொய்டா, லக்னோ, நாக்பூர், விஜயவாடா ஆகிய நகரங்களிலும் அந்த நிறுவனத்தின் மையங்கள் உள்ளன.

அரசின் பக்கத்திலும் மாற்றங்கள் நடந்தன. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழுவாகிய யு.ஜி.சி., 'பி.வோக்.' எனப்படும் தொழிற்கல்விப் பட்டப்படிப்புத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. ஓராண்டு முடித்து வெளியேறினால் டிப்ளமோ, இரண்டாண்டு முடித்தால் உயர்நிலை டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தால் பட்டம் என்பது அதன் அமைப்பு. தகப்பனாரின் வேலை மாற்றத்தாலோ வியாதியாலோ படிப்பு இடையில் நின்றுபோகும் அபாயமுள்ள குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. 2016-இல் ஹரியானா அரசு ஸ்ரீ விஸ்வகர்மா திறன் பல்கலைக்கழகத்தைச் சட்டத்தின் மூலம் நிறுவியது. 2020-இல் தில்லி அரசின் திறன் மற்றும் தொழில்முனைவோர் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில், தொழிற்பழகுநர் பயிற்சியைப் பட்டப்படிப்பின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ளும் நெறிமுறைகளை யு.ஜி.சி. வெளியிட்டது.

மூன்று விதக் கூட்டு

இன்று நம் முன் வைக்கப்படுகிற கூட்டு முயற்சிகளை மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பெயரளவுக் கூட்டு. ஒரு நாள் புரிந்துணர்வு ஒப்பந்தம், ஒரு புகைப்படம், ஆண்டிற்கு ஒரு சொற்பொழிவு. அத்துடன் சரி. இதனால் மாணவருக்கு எந்த ஆதாயமும் இல்லை.

இரண்டாவது, பாடத்திட்டக் கூட்டு. சிஸ்கோ நிறுவனம் 1997-இல் தொடங்கிய நெட்வொர்க்கிங் அகாடமியும், இன்ஃபோசிஸ் 2004-இல் தொடங்கிய கேம்பஸ் கனெக்ட் திட்டமும் இவ்வகையைச் சேர்ந்தவை. நிறுவனம் தன் அறிவையும் பாடங்களையும் கல்லூரிகளோடு பகிர்ந்துகொள்கிறது. இதனால் மெய்யான பயன் உண்டு. ஆயினும் இது வேலைக்கான வாக்குறுதி ஆகாது. இதைக் காட்டி அதிகக் கட்டணம் கேட்டால் எச்சரிக்கையாயிருங்கள்.

மூன்றாவது, உழைப்பும் ஊதியமும் சேர்ந்த கூட்டு. மாணவர் நிறுவனத்தில் மாதக்கணக்கில் பணிபுரிகிறார். உதவித்தொகையோ சம்பளமோ பெறுகிறார். அந்த வேலை மதிப்பெண்ணாகவும் கணக்கிடப்படுகிறது. நாம் தேட வேண்டியது இதுவே.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

பட்டம் வழங்குவது யார்? அந்தப் பெயர் யு.ஜி.சி.யின் பட்டியலில் உள்ளதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அது வெளியிடுகிறது. ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரை வேறொரு பயிற்சி நிலையத்திற்குக் கொடுத்து, அதன் மூலம் படிப்பு நடத்தும் 'ஃபிரான்சைஸ்' முறைக்கு அனுமதியில்லை என்று 2022 ஜனவரியிலும் யு.ஜி.சி. எச்சரித்தது. உங்கள் தெருமுனையிலுள்ள நிலையம் தூர மாநிலத்துப் பட்டம் தருவதாகச் சொன்னால், அந்த எச்சரிக்கையை நினைவில் கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தில் பணம் தருவது யார், எவ்வளவு? 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் தொழிற்பழகுநருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையைத் தகுதிக்கேற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை நிர்ணயித்தன. இப்போதைய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ஒப்பந்தம் அரசின் தொழிற்பழகுநர் தளத்தில் பதிவு செய்யப்படுமா என்றும் கேளுங்கள். பதிவு இல்லாத 'பயிற்சி' சில இடங்களில் சம்பளமில்லா வேலையாக முடிந்துவிடுகிறது.

எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும்? சில திட்டங்களில் குறித்த ஆண்டுகள் வேலையை விடக்கூடாது என்றும், விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் நிபந்தனை உண்டு. நிபந்தனை இருப்பதில் தவறில்லை. வாசிக்காமல் கையொப்பமிடுவதே தவறு. பயிற்சிக் கட்டணத்திற்கு வங்கிக் கடன் எடுக்க நேர்ந்தால், கடன் யார் பெயரில், தவணை எப்போது தொடங்கும் என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

நிறுவனம் பாதியில் விலகினால் என்ன ஆகும்? வியாபாரம் மந்தமாகும்போது நிறுவனங்கள் ஆட்களைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடுவதுண்டு. அப்போது மாணவருக்கு வேறு நிறுவனத்தில் இடம் தேடித் தருவது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் உள்ளதா?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னுமொரு கேள்வி உண்டு. மாநில அரசு நிறுவனங்களில் வசிப்பிடச் சான்றிதழும், பள்ளிப்படிப்பை எங்கே முடித்தார் என்பதும் இடம் கிடைப்பதைத் தீர்மானிக்கக்கூடும். தமிழ்நாட்டில் பெற்ற சாதிச் சான்றிதழ் வேறு மாநில அரசின் ஒதுக்கீட்டிற்குப் பொதுவாகச் செல்லாது. ஆகவே விண்ணப்பப் படிவம் வருமுன்பே தேவையான சான்றிதழ்களை ஆயத்தம் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை

நிறுவனம் தனக்கு இன்று தேவையான வேலையையே கற்பிக்கும். அது இயல்பு. இன்று பயன்படும் மென்பொருள் சில ஆண்டுகளில் பழையதாகிவிடலாம். இன்றைய இயந்திரத்தின் இடத்தில் நாளை வேறொன்று வரலாம். அப்போது புதியதைக் கற்கும் பலத்தைத் தருவது கணிதமும், அறிவியல் அடிப்படையும், தெளிவாக எழுதவும் பேசவும் வல்ல மொழியறிவும்தான். அவற்றைக் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் பங்கு. வகுப்புகளைக் குறைத்துவிட்டு மூன்றாண்டும் ஒரே இயந்திரத்தின் முன் நிறுத்தும் படிப்பு, பெயரில் பட்டமாயிருந்தாலும் பலனில் குறைவுபட்டதே. கூட்டு என்றால் இரு தரப்பும் தத்தம் கடமையைச் செய்ய வேண்டும்.

தொழிற்கல்வியை மதிப்பெண் குறைந்தவர்களின் ஒதுக்கிடமாகக் கருதும் எண்ணம் நம் குடும்பங்களில் இன்னும் வேரூன்றியிருக்கிறது. பி.வோக். பட்டமும் மற்ற இளநிலைப் பட்டங்களைப் போல அங்கீகாரம் பெற்றதே. கைகளால் செய்யும் வேலையைத் தாழ்வாக எண்ணுவது நமக்கு அழகன்று. இந்தப் பட்டணங்களில் நம் முன்னோர் வேர்பிடித்ததே அந்தக் கைகளால்தான்.

இந்த ஆண்டு உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருந்தால், கல்லூரி வாசலில் தொங்கும் சின்னங்களை எண்ணாதிருங்கள். அங்கே இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவரைத் தனியே சந்தித்து, "சென்ற ஆண்டில் எத்தனை நாள் நிறுவனத்தில் வேலை செய்தாய், உனக்கு யார் கற்றுக்கொடுத்தார், கையில் எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். எந்த விளம்பரத்தையும்விட அவர் சொல்லும் பதில் உங்களுக்கு நல்ல வழிகாட்டும்.