படகின் அடிக்குப் பெயிண்ட் விற்கும்போது

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகரிலும், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டை, முடசலோடையிலும் விசைப்படகுகளைப் பழுது பார்க்கும் காலம் இதுவே. நம் கடைகளில் பெயிண்ட் கடனாகவும் போகும்.

கடல்நீரில் நிற்கும் படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டும். வேகம் குறையும், டீசல் செலவு கூடும். சாதாரண எனாமல் இதைத் தடுக்காது. இதற்கென்றே உள்ள பெயிண்டில் பெரும்பாலும் தாமிர ஆக்சைடு இருக்கிறது. அது சிறிது சிறிதாக நீரில் கரைந்து, இவை ஒட்டாமல் காக்கிறது.

எனவே வாடிக்கையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்.

படகு மரமா, ஃபைபரா, இரும்பா? இரும்பானால் முதலில் துருத்தடுப்பு பிரைமர் அவசியம்.

பழைய பூச்சு எது? அதன்மேல் புதியது பிடிக்குமா என்று டின் குறிப்பில் பார்க்க வேண்டும்.

எப்போது கடலில் இறக்குவார்? பூசியபின் குறிப்பிட்ட கெடுவுக்குள் இறக்க வேண்டும்.

தாமிரம் கனமானது, டின்னின் அடியில் தங்கிவிடும். அடிவரை கலக்கிய பிறகே பூசச் சொல்வோம். மறு ஆண்டு பழைய பூச்சைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூசி மூச்சுக்கு ஆகாது. சுரண்டிய தூளை உப்பனாற்றில் தள்ளக் கூடாது.

ட்ரைபியூட்டைல்டின் கலந்த பெயிண்ட், 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த உலக ஒப்பந்தப்படி தடை செய்யப்பட்டது. பழைய சரக்கு மலிவாக வந்தாலும் வாங்க வேண்டாம்.

மளிகையும் விற்கும் அன்பர்கள் இந்த டின்களை அரிசி, பருப்பு பக்கம் அடுக்கக் கூடாது.

படகு நன்றாக ஓடினால்தான் நம் கடனும் திரும்பும்.