பழைய கணிப்பொறிக்கு மறுவாழ்வு



தோட்டப்புறத்து வீடுகளில் நாம் எதையும் எளிதில் வீசிவிடுவதில்லை. ஓடாத தையல் இயந்திரமும் பாடாத வானொலிப் பெட்டியும் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். செர்டாங் வட்டாரத்து வீடு ஒன்றில், 1980களில் வாங்கிய கணிப்பொறி தூசி படிந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே ஒரு பெட்டி நிறைய நெகிழ்வட்டுகள். கோயில் கணக்கோ, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா நாடகமோ அவற்றில் இருக்கலாம். அந்தக் கணிப்பொறிக்கு எவ்வாறு உயிர் கொடுப்பது?

முதலில் அதன் பிறப்பை அறிந்துகொள்வோம். ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. பெரும்பாலும் வெளிச்சந்தையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே அதைச் செய்தது. அதற்கே உரிய தனிச்சொத்து, பயோஸ் என்னும் தொடக்க ஆணைத்தொகுதிதான். 1982இல் கொலம்பியா டேட்டா புராடக்ட்ஸ், காம்பாக் என்னும் அமெரிக்க நிறுவனங்கள், அதே வேலையைச் செய்யும் ஆணைகளைத் தாமே புதிதாக எழுதி, நகல்களை அறிவித்தன. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய தொகுதியை மற்றவர்களுக்கும் விற்றது. பின்னர் தைவானிலிருந்து மலிவான நகல்கள் பெருகின. நகல் என்றதும் இளக்காரம் வேண்டாம். அமைப்பு ஒன்றாக இருப்பதால்தான், ஒரு பெட்டியின் பழுதை அறிந்தவர் மற்றொன்றையும் சீர்செய்ய முடிகிறது.

இனி வேலைக்கு வருவோம். பெட்டி கிடைத்த உடனே சுவிட்சைத் தட்டிப் பார்ப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மின்வழங்கிக்குள் காகிதத்தால் ஆன மின்தேக்கிகள் இருக்கக்கூடும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் உறையில் வெடிப்பு விழும். நம் ஊர் ஈரக்காற்று அதன் வழியே உள்ளே இறங்கும். மின்சாரம் பாய்ந்ததும் அவை வெடித்துப் புகையும். ஆகவே முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்வழங்கியிலும் திரைப்பெட்டியிலும் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் இவ்விரண்டையும் திறக்காமல், தொலைக்காட்சி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நன்று. பின்புறத்தில் மின்னழுத்தச் சுவிட்ச் இருந்தால், அது 230 வோல்ட்டில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது தாய்ப்பலகை. கடிகாரத்துக்கான மின்கலம் கசிந்து பச்சைப் பூத்திருக்கிறதா? நிக்கல்-காட்மியம் மின்கலத்தின் கசிவு காரத்தன்மை உடையது. அது செப்புக் கோடுகளை அரித்துவிடும். மின்கலத்தை அகற்றி, அந்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு ஆல்கஹால் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். தாங்கிகளில் செருகிய சில்லுகள், சூடாகியும் குளிர்ந்தும் மெல்ல மேலெழுந்திருக்கும். அவற்றை விரலால் மெதுவாக அழுத்திவிட்டாலே பல பழுதுகள் தீரும். மின்வழங்கியிலிருந்து வரும் இரண்டு இணைப்பிகளின் கறுப்புக் கம்பிகள் நடுவில் அருகருகே அமைய வேண்டும். மாறினால் பலகையே பாழாகும்.

இப்போது மின்சாரம் கொடுக்கலாம். காற்றாடி ஒருமுறை துள்ளி நின்றுவிடுகிறதா? மின்வழங்கிதான் கெட்டது என்று நினைப்போம். ஆனால் பல நேரங்களில் குறை பலகையில் இருக்கும். நீர்த்துளி வடிவில் உள்ள டாண்டலம் மின்தேக்கி ஒன்று குறுக்கிணைந்திருந்தால், மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, 12 வோல்ட் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். சுழிக்கு அருகில் இருந்தால், செருகு அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் அளக்க வேண்டும். எந்த அட்டையைக் கழற்றியதும் அளவு உயர்கிறதோ, குறை அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியும் மாறாவிட்டால், குறை தாய்ப்பலகையிலோ வட்டு இயக்கியிலோ இருக்கலாம்.

நலமாக இருந்தால் பொதுவாக ஒரு சிறு ‘பீப்’ ஒலி கேட்கும். ஐ.பி.எம். முறையைப் பின்பற்றும் பெட்டிகளில் திரையில் எண்கள் தோன்றுவதும் உண்டு: 201 என்றால் நினைவகக் குறை, 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் நெகிழ்வட்டு இயக்கி. 301 வந்ததும் விசைப்பலகையை வீசிவிட வேண்டாம். அதன் அடியில் எக்ஸ்டி, ஏடி என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கலாம். அதை மாற்றிப் பாருங்கள்.

பெட்டி எழுந்துவிட்டது. உடனே விளையாட்டு வட்டைத் தேடாதீர்கள். ஒவ்வொரு வட்டின் உறைத் திறப்பிலும் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சணம் பூத்த வட்டு படிக்கும் முனையை அழுக்காக்கும். அந்த முனை அடுத்த நல்ல வட்டையும் கீறிவிடும். ஆகவே முனையைத் துடைத்து, சுத்தமான வட்டுகளை முதலில் படித்து, உடனே படியெடுத்து வையுங்கள்.

இத்தனை பாடு எதற்கு? யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் மென்பொருள்கள் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்திருந்தன. அன்று எழுதிய கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் புரியாத குறிகளே வரும். பழைய பெட்டியும் அதன் மென்பொருளும் உயிரோடு இருந்தால், அந்தக் குறிகள் மீண்டும் தமிழாகும். தாளில் அச்சிட்டும் கொள்ளலாம்.

மூடியைப் பூட்டுமுன் சில்லுகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சிலவற்றில் ‘மலேசியா’ என்று பொறித்திருக்கக் காண்பீர்கள். இன்டெல் நிறுவனம் 1972இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. தோட்டப்புறத்துப் பெண்கள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் சென்று வேலை செய்த காலம் அது. நாம் தூசி தட்டும் பெட்டியில் அவர்களுடைய கைவேலையும் இருக்கக்கூடும்.